துணி வெளுத்த வீடு

மேகலாவின் முகத்தில் பருக்கள் மறுபடி கிளம்பியபோது அவள் முதலில் சந்தேகப்பட்டது மருந்துக் கடைக்காரரைத்தான். அதே களிம்பு, அதே பெயர், அதே மஞ்சள் அட்டைப்பெட்டி. முதல் தடவை வாங்கித் தடவியபோது சீக்கிரமே கன்னம் வழவழவென்று ஆகிவிட்டது. அடுத்த தடவை கொஞ்சம் இழுத்தது. இப்போது தடவத் தடவ இன்னும் சீழ் கட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் போலிச் சரக்கை இறக்கிவிட்டார் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டு, அந்தக் கடைப் பக்கம் போவதையே நிறுத்தினாள்.

அவள் ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஓசூரில் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முழுக்க மூக்கையும் வாயையும் மூடிய முகக்கவசம், தலையில் துணிக்குல்லா. வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் அதற்குள் வேர்த்துக் கொட்டும். பாகலூர் சாலையை ஒட்டிய தெருவில் வெங்கடம்மாள் என்ற அம்மாளின் வீட்டு மாடியில், இன்னும் இரண்டு பெண்களோடு சேர்ந்து குடியிருந்தாள். ஒருத்தி பொற்கொடி; மத்தூர்க்காரி, மேகலாவின் லைனிலேயே வேலை. இன்னொருத்தி வினோதா, சங்கரன்கோவில் பக்கம், அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. மூவரில் அதிகம் பேசுகிறவள் வினோதா. அதிகம் கோபப்படுகிறவள் பொற்கொடி. காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் யார் முதலில் குளிப்பது என்பதில் அந்த இருவருக்கும் அடிக்கடி முட்டிக்கொள்ளும். மேகலா இடையில் நின்று சமாதானம் செய்வாள்.

கடைசியில் கேன்டீனில் யாரோ சொன்னதைக் கேட்டு, நிர்மலா என்ற தோல் டாக்டரிடம் போனாள். டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்து இரண்டு கன்னத்தையும் தாடையையும் பார்த்தார். இதுவரை என்ன போட்டாய் என்று கேட்டார். மேகலா பாதி காலியான டியூபை எடுத்து நீட்டி, இது போலியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

"போலி இல்லம்மா. நல்ல மருந்துதான்" என்றார் டாக்டர். "உங்க முகத்துல இருக்கற கிருமிதான் மாறிடுச்சு. ஒரே ஆன்டிபயாடிக்கத் தனியா மாசக்கணக்குல போட்டா, சாகற கிருமி செத்துடும், தாக்குப்பிடிக்கறது மிஞ்சிப் பெருகும். இப்ப உங்ககிட்ட இருக்கறது அந்த மிஞ்சினது. இனிமே இதோட ஒரு கிருமிநாசினியும் சேர்ந்து போகணும். அது வேற வழியில கொல்லும். அதுக்குக் கிருமி அவ்வளவு லேசுல பழகிக்காது."

வீட்டில் வேறு யாராவது இதே களிம்பைப் போடுகிறார்களா என்று அடுத்துக் கேட்டார். வினோதாவும் போடுவாள் என்று மேகலா சொன்னாள். ஒரே வீட்டில் புழங்குகிறவர்களுக்குள் இந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும், யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல முடியாது, அந்தப் பெண்ணையும் வந்து காட்டச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். மேகலாவின் காதில் அதில் பாதிதான் ஏறியது. வினோதாவிடமிருந்துதான் தனக்கு ஒட்டியிருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். வினோதாவுக்கு அந்தக் களிம்பைப் பழக்கிவிட்டதே தான்தான் என்பது அந்த நேரத்தில் அவள் நினைப்புக்கே வரவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மேகலா அப்போது கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த கிளினிக்கிலிருந்து வெளியே போக வேண்டுமானால் அவர்களுடைய மருந்துக் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். இதற்கு ஏற்பாடாகத்தான் இவ்வளவு பேச்சும் என்று அவளுக்குத் தோன்றியது. கிருமிநாசினி என்றால் ஆஸ்பத்திரித் தரையில் ஊற்றுவது, அடிபட்ட காலில் வைப்பது. அதை யாராவது முகத்தில் பூசுவார்களா? இருந்தாலும் வாங்கினாள். முகம் கழுவ ஒரு திரவம், சாயங்காலம் பூச இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரு ஜெல். கிருமிநாசினியின் பெயர் பென்சாயில் பெராக்சைடு என்று போட்டிருந்தது. வாயில் நுழையாத அந்தப் பெயரே அவளுக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வினோதா டியூபைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். புறங்கையில் துளி வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லையே என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டு நாளில் மேகலாவின் முகம் எரிய ஆரம்பித்தது. தோல் வறண்டு, மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தது. கண்ணாடியில் பார்த்தால் வெயிலில் வெந்த மாதிரி இருந்தது.

முதல் நாள் அவள் டாக்டரைத் திட்டினாள். மறுநாள் வேறு நினைப்பு வந்தது. வினோதா ஞாயிற்றுக்கிழமைகளில் முகத்துக்கு பிளீச் போடுகிறவள். ஒரு சின்ன டப்பாவில் கிரீம், இன்னொன்றில் பொடி, இரண்டையும் குழைத்துப் பூசிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். அவள் கைக்குப் போய் வந்த பிறகுதானே இந்த ஜெல் எரிகிறது? கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அன்றிலிருந்து டியூபைத் தன் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

துணிகள் வெளுக்க ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான்.

முதலில் மேகலாவின் காபி நிறத் துண்டில் அங்கங்கே வெளிறிய திட்டுகள் தெரிந்தன. சோப்புத்தூளை மாற்றியதால் இருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு தலையணை உறையில் ஓர் ஓரம் வெளுத்தது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு பொற்கொடியின் பச்சைச் சுடிதார்.

அண்ணன் கல்யாணத்துக்கென்று பொற்கொடி ஆசையாக எடுத்த கரும்பச்சைச் சுடிதார் அது. ஒரே ஒரு முறை போட்டுப் பார்த்து, தண்ணீரில் அலசி மொட்டைமாடிக் கொடியில் போட்டிருந்தாள். அன்று ஷிப்ட் முடிந்து முதலில் வந்தவள் மேகலா. களைப்பில் முகம் கழுவி, அப்போதே ஜெல்லையும் பூசிக்கொண்டு படுக்கப் போனாள். திடீரென்று மழை இறங்கியது. ஓடிப்போய் மாடியில் கிடந்த துணிகளையெல்லாம் வாரி, கொஞ்சமும் கீழே விழாமல் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலில் போட்டாள். பொற்கொடி வந்து மடித்து வைத்தாள். ஊருக்குக் கிளம்புவதற்கு எடுத்தபோது, மார்புப் பக்கம் மூன்று இடத்தில் பச்சை போய் மஞ்சளாக வெளுத்திருந்தது.  பொற்கொடி பழைய சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு அண்ணன் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாள். வந்த பிறகும் அதே பேச்சுதான்.

வீட்டுக்கார வெங்கடம்மாள் அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்; குடியிருக்கிற பெண்களிடம் தமிழில் பேசுவார். விஷயத்தைக் கேட்டதும் தண்ணீரைக் குறை சொன்னார். கம்பெனிகள் வந்ததிலிருந்து போர்வெல் தண்ணீர் முன்னைப்போல இல்லை, காற்றிலும் என்னென்னவோ கலந்து வருகிறது என்றார். சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. தன் பழைய நீல ரவிக்கை ஒன்றைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டார், இன்னொன்றை மொட்டைமாடியில் கட்டித் தொங்கவிட்டார். ஒரு வாரம் ஆகியும் இரண்டும் நிறம் மாறவில்லை. அப்படியானால் தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை, மனுஷ கைதான் என்று அவரே சொல்லிவிட்டார்.

அது போதுமாக இருந்தது பொற்கொடிக்கு. "உன் துண்டு வெளுத்துச்சி, என் சுடிதார் வெளுத்துச்சி" என்று மேகலாவிடம் சொன்னாள். "அவ துணி மட்டும் எப்படி அப்படியே இருக்குது? யோசிச்சுப் பாரு."

மேகலா யோசித்துப் பார்த்தாள். வினோதா தன் துணிகளை மொட்டைமாடிக் கொடியில் போடுவதே இல்லை. ஜன்னல் கம்பியில் தனியாகக் கயிறு கட்டிக் காயப்போடுவாள். முன்பெல்லாம் அது மேகலாவுக்கு ஒரு பழக்கமாகத் தெரிந்தது. இப்போது காரணத்தோடு செய்வதாகத் தெரிந்தது. குளியலறைச் சண்டை நினைவுக்கு வந்தது. டியூபை வாங்கி முகர்ந்தது நினைவுக்கு வந்தது. ஒன்றோடு ஒன்று கச்சிதமாகப் பொருந்திப் போனது.

வினோதா மதிய ஷிப்டுக்குப் போயிருந்த ஒரு நாள், பொற்கொடி அவள் பெட்டியைத் திறந்தாள். மேகலா வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தாள். துணிகளுக்கு அடியில் அந்த பிளீச் டப்பாக்கள் இருந்தன. ஒன்றில் பொடி பாதிக்குமேல் குறைந்திருந்தது. பொற்கொடி அவற்றை எடுத்துப்போய் வெங்கடம்மாளிடம் காட்டினாள். பிறகு கூடத்து ஸ்டூலின்மேல், வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள்.

வினோதா வந்து செருப்பைக் கழற்றும்போதே ஸ்டூலைப் பார்த்துவிட்டாள்.

"என் பெட்டிய யாரு திறந்தது?"

"துணிய யாரு வெளுத்தது? அத மொதல்ல சொல்லு" என்றாள் பொற்கொடி.

 வினோதா மேகலா பக்கம் திரும்பினாள். "நீயும் கூட நின்னியாட்டி?"

மேகலாவுக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. அதனாலேயே குரல் கடுமையாக வந்தது. "என் மருந்துல என்ன கலந்த? எதுக்கு அத வாங்கித் திறந்து பாத்த?"

 வினோதா அழுவாள் என்று மேகலா நினைத்தாள். அவள் அழவில்லை. உள்ளே போய்த் துணிகளை மடிக்காமல் பெட்டிக்குள் திணித்தாள். மறுநாள் காலையில் பேக்கிங் பிரிவுத் தோழிகள் இருந்த ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஜன்னல் கம்பியில் கட்டியிருந்த கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு போனாள்.

அவள் போனபிறகு மேகலாவின் முகம் தெளிய ஆரம்பித்தது. எரிச்சல் குறைந்தது. செதில் உரிவது நின்றது. சீழ் வைத்த பருக்கள் ஒவ்வொன்றாக வற்றிக் கறுத்து உதிர்ந்தன. புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை. நான் சொன்னேன் பார் என்றாள் பொற்கொடி. மேகலாவுக்கும் இனி சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்று இருந்தது. வினோதா கை பட்ட மருந்து தீர்ந்து புது டியூப் வாங்கியதால்தான் எரிச்சல் போனது என்று நம்பினாள்.

ஆனால் துணி வெளுப்பது நிற்கவில்லை.

கம்பெனி சீருடை கருநீலச் சட்டை. ஒரு நாள் அதன் கழுத்துப்பட்டையில் செம்மண் நிறத்தில் இரண்டு திட்டுகள் தெரிந்தன. போகும்போது ஏதாவது தெளித்துவிட்டுப் போயிருப்பாள், இப்போதுதான் தெரிகிறது என்றாள் பொற்கொடி. கொஞ்ச நாளில் இன்னொரு சட்டையிலும் வந்தது. அப்படியானால் அவளிடம் மாற்றுச் சாவி இருக்கிறது, நாம் இல்லாதபோது வந்து போகிறாள் என்றாள். வெங்கடம்மாள் பூட்டை மாற்றினார். பூட்டு மாறிய பிறகும் திட்டு வந்தது.

இப்போது மேகலாவின் சந்தேகம் பொற்கொடி மேலேயே திரும்பியது. ஒருவேளை முதலிலிருந்தே இவள்தானோ? வினோதாவைத் துரத்துவதற்காகத் தன் சுடிதாரைத் தானே கெடுத்துக்கொண்டாளோ? அண்ணன் கல்யாணத்துக்கு எடுத்ததை யாராவது அப்படிச் செய்வார்களா? செய்ய மாட்டார்கள் என்று தெரிந்தும் அவளால் அந்த நினைப்பை விட முடியவில்லை. பொற்கொடி அடுப்படியில் நின்றால் இவள் அறையில் துணிகளை எண்ணினாள். ஒரே வீட்டில் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

கடைசியில் ஒரு புதுச் சீருடைச் சட்டையை வாங்கி, பொற்கொடி கண்ணில் காட்டாமல் கம்பெனி லாக்கரிலேயே வைத்துக்கொண்டாள். அங்கேயே மாற்றினாள், அங்கேயே கழற்றி வைத்தாள். வேறு யார் கையும் அதைத் தொடவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் அதன் கழுத்துப்பட்டையிலும் செம்மண் நிறம் ஏறியிருந்தது.

உடை மாற்றும் அறைக் கண்ணாடி முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நின்றாள். குனிந்து வேலை பார்க்கிற மாதிரித் தலையைத் தாழ்த்தினாள். தாடை எங்கே போய் உரசியதோ சரியாக அங்கே இருந்தது திட்டு. இடது பக்கம் பெரிது, வலது பக்கம் சிறிது. அவளுக்குப் பருவும் இடது தாடையில்தான் அதிகம். ஜெல்லும் அங்கேதான் அதிகம் பூசுவாள். சாயங்காலம் பூசியது காலையில் கழுவியும் முழுக்கப் போயிருக்காது.

வீட்டுக்குப் போய் ஒரு பழைய கறுப்பு லெக்கின்ஸிலிருந்து கைக்குட்டை அளவு வெட்டினாள். அதில் ஜெல்லைக் கொஞ்சம் தேய்த்துத் தண்ணீர் தெளித்துக் கிண்ணத்தில் வைத்தாள். மறுநாள் வேலையிலிருந்து திரும்பியபோது கறுப்பில் செங்கல் நிறத் திட்டு ஒன்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். மழைக்கு ஓடிப்போய்ப் பச்சைச் சுடிதாரைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படியிறங்கியது அவளுக்கு நினைவுக்கு வந்தது. 

டாக்டரிடம் அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். டாக்டர் ஆச்சரியப்படவில்லை.

"ஆமா, இது சாயத்த வெளுக்கும். வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை வச்சுக்கணும்னு நான் எல்லாருக்கும் சொல்றதாச்சே. உங்களுக்குச் சொல்லலையா?"

சொல்லவே இல்லை என்று சொல்ல மேகலா வாயெடுத்தாள். அன்று டாக்டர் எழுதிக்கொண்டே ஏதோ பேசியதும், தான் கதவையும் மருந்துக் கடையையும் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அவளுக்கு இனிமேல் தெரியப்போவதில்லை. முதலில் எரிந்தது எதனால் என்று கேட்டாள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும், தோல் பழகியதும் தானாகக் குறைந்துவிடும் என்றார் டாக்டர். அதாவது அது வினோதா போனதால் குறையவில்லை.

பொற்கொடியிடம் அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சுடிதாரைக் கெடுத்தது தான்தான் என்றும், தெரியாமல் நடந்தது என்றும் சொன்னாள். பொற்கொடி கறுப்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்து வெளுக்கும் என்பதை ஒத்துக்கொண்டாள். ஆனாலும் வினோதா எதுவுமே செய்யவில்லை என்பதை அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "அவளும் ஏதோ பண்ணிதான் இருப்பா. இல்லன்னா அன்னிக்கி ஏன் வாயத் திறக்கல?" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை.

வினோதாவைப் பிடிப்பது அவ்வளவு லேசாக இல்லை. போன் எடுக்கவில்லை. கேன்டீனில் மேகலாவைப் பார்த்தால் வேறு வரிசைக்குப் போய்விட்டாள். கடைசியில் ஷிப்ட் முடிந்து பஸ்கள் நிற்கிற இடத்தில் அவளை மறித்துக்கொண்டாள் மேகலா. நடந்ததையெல்லாம் ஒரு மூச்சில் சொல்லி, துணித் துண்டை நீட்டினாள். தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள்.

வினோதா துண்டைக் கையில் வாங்கவில்லை. "இப்ப எதுக்கு வந்து சொல்லுத? வீட்டுக்காரம்மா ஏதும் கேட்டாவளா? இல்ல வாடகைக்கு ஆள் கிடைக்கலியா?"

"அதெல்லாம் இல்ல. உங்கிட்ட சொல்லணும்னு வந்தன்."

"அன்னைக்கு என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா. நானும் உக்காந்து யோசிச்சிருப்பேன். நீ கேக்கல. பெட்டிய தொறந்து பாத்துட்டு நின்ன."

 பஸ் கிளம்ப ஹாரன் அடித்தது. வினோதா ஏறப்போனாள். அவள் கன்னத்தில் சிவந்து தடித்த பருக்கள் மேகலாவின் கண்ணில் பட்டன. அந்தப் பழைய களிம்பைத்தான் இன்னும் போடுகிறாயா என்று கேட்டாள். அதைத் தனியாகப் போடாதே, நானும் அப்படித்தான் கெடுத்துக்கொண்டேன், என்னிடமிருந்தே கூட உனக்கு வந்திருக்கும், டாக்டரிடம் போ என்றாள்.

வினோதா படியில் நின்றபடி திரும்பினாள். "உன் டாக்டர்ட்டயா? அந்த மருந்த நான் நம்பணுமாக்கும்."

"வேற டாக்டர்கிட்ட போ. யார்கிட்ட வேணும்னாலும் போ."

பஸ் போய்விட்டது. அதன்பிறகு சில வாரங்கள் வினோதா முகம் கொடுக்கவில்லை. மேகலாவும் துரத்தவில்லை. கிருஷ்ணகிரியில் வேறு ஒரு டாக்டரிடம் வினோதா போய்வந்தாள் என்று பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் கேன்டீனில் மேகலா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு தட்டு வந்து இறங்கியது. வினோதா. மூக்கோரத் தோல் காய்ந்து, கன்னம் லேசாகச் சிவந்திருந்தது.

"அவரும் ரெண்டையும் சேத்துத்தான் எழுதிக் குடுத்தாரு. துணி வெளுக்குமான்னு நானே கேட்டேன். ஆமான்னாரு" என்றாள்.

மேகலா தலையாட்டினாள்.  பிறகு வினோதா, எரிச்சல் தாங்க முடியவில்லை, விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன் என்றாள். விட வேண்டாம், ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சமாகப் பூசச் சொல்கிறார்களா என்று உன் டாக்டரிடமே கேள், எனக்குக் கொஞ்ச நாளில் தானாகவே அடங்கிவிட்டது என்று மேகலா சொன்னாள். சொல்லும்போதே, தன் வார்த்தையை அவள் எந்த அளவுக்கு நம்புவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள் வினோதா.

அவள் பாகலூர் சாலை வீட்டுக்குத் திரும்பவில்லை. வெங்கடம்மாள் இரண்டு முறை சொல்லியனுப்பியும் வரவில்லை. ஆனால் வாரத்தில் ஒன்றிரண்டு நாள், ஷிப்டுகள் ஒத்துவரும்போது, கேன்டீனில் மேகலாவின் எதிரே வந்து உட்கார்ந்தாள். எழுந்து கை கழுவப் போகும்போது மட்டும் தன் பையை மேஜையில் விட்டுவிட்டுப் போகமாட்டாள். தோளில் மாட்டிக்கொண்டே போவாள். மேகலா அதைக் கவனிப்பாள். கேட்கமாட்டாள்.